கதவில் ஒட்டும் தாள்

மருத்துவமனையில் எனக்குப் பல வேலை.
அதில் ஒன்று, கதவில் தாள் ஒட்டுவது:
'இன்றிரவு அவசரப் பிரிவு இல்லை.
அடுத்தது நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.'
மைனஸ் முப்பதில் டேப் பிடிக்காது.
கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒட்டக் கற்றுக்கொண்டேன்.
போன வருஷம் நாற்பத்தொரு முறை.
கிழிப்பதில்லை. தேதி போடாமல் அச்சடித்து
ஒரு கட்டு இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

சஸ்காச்சுவான் சமவெளியில் நெட்டில் லேக்.
பன்னிரண்டு கட்டில், ஓர் எக்ஸ்ரே,
'டாக்டருக்கு மட்டும்' என்று பலகை நட்ட
ஒரு கார் நிறுத்தம்.
கடைசி டாக்டர் போய் மூன்று குளிர்காலம்.
வாரத்துக்கு ஒருவர் வாடகைக்கு வருவார்,
பெயர் வாயில் படியும்முன் கிளம்பிவிடுவார்.
ஆனாலும் எர்வின் தினமும் விடிகாலையில்
காலியான அந்த இடத்துப் பனியைத்தான்
முதலில் வாருகிறார்.

அக்டோபரில் பல்கலைக்கழகம் ஒருத்தியை அனுப்பியது.
குடும்ப மருத்துவப் பயிற்சி, இரண்டாம் ஆண்டு,
எட்டு வாரம் மட்டும்.
நரினே பெட்ரோசியன், மாண்ட்ரியல்காரி.
பெண் பார்க்க ஆட்கள் வந்த வீடுபோல
கமிட்டி உள்ளதையெல்லாம் எடுத்துப் பரப்பியது:
ஏரி, ஐஸ் ஹாக்கி அரங்கம், வாடகையில்லா வீடு,
வங்கி மேலாளர் இரண்டுதரம் சொன்ன தொகை.
ரோக்ஸான் வசிலிஷின் மூன்று நாளும்
முட்டைக்கோஸ் உருண்டை கொண்டுவந்தாள்.
எல்லாவற்றுக்கும் நரினே நன்றி சொன்னாள்.
எதற்கும் சரி சொல்லவில்லை.

நாலாம் வாரம் ஓரெஸ்ட் நாட்யுக்,
பிரஷர் மாத்திரைச் சீட்டு வாங்க வந்தார்.
இரண்டு நிமிஷ வேலை.
நாற்பது நிமிஷம் கதவு திறக்கவில்லை.
வெளியே ஆறு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.
நகரத்துப் பெண், கடிகாரம் பார்க்கத் தெரியாதா
என்று நான் நினைத்தது நிஜம்.

அவர் காலை வைத்த விதம் பார்த்து
சாக்ஸைக் கழற்றச் சொல்லியிருக்கிறாள்.
வலது பெருவிரலில் காசளவு புண்.
சர்க்கரையில் மரத்த கால், அவருக்கே தெரியாது.
'நகம் யார் வெட்டிவிடுவது?'
'அவள்தான். மார்ச்சில் போய்விட்டாள்.'
அதற்குப் பிறகு வெட்டவே இல்லை.
முழங்காலிட்டு இவள் வெட்டியிருக்கிறாள், பத்தையும்.

கடைசி வாரம் விருந்து.
கேள்வி ஏதாவது உண்டா என்றார் கமிட்டித் தலைவர்.
'ஒன்று இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு
எனக்குத் தெரியாத ஒன்று
ஸ்ட்ரெச்சரில் வந்தால்
பக்கத்தில் யார் இருப்பார்கள்?'

ஏரிப் படம் போட்ட மடிப்புத்தாள்
மேஜையில் கிடந்தது. யாரும் தொடவில்லை.
வீடு கேட்பாள், பள்ளிக்கூடம் கேட்பாள் என்று
பதில் தயாரித்து வைத்திருந்தோம்.

தட்டு கழுவிக்கொண்டிருந்த நர்ஸ் மேவிஸ் நெப்பினாக்
திரும்பாமலே சொன்னாள்:
'கூப்பிடு. ஏழு நிமிஷத்தில் வருவேன்.
சஸ்காட்டூனுக்குப் போன் இருக்கிறது.
அதற்கு மேலே
ரெண்டு பேராகத் தெரியாமல் இருப்போம்.'

அன்றுதான் நரினே பல் தெரியச் சிரித்தாள்.
அதுவும் சரி என்று ஆகாது.
மறுநாள் பஸ் ஏறிவிட்டாள்.

ஜனவரியில் ஓரெஸ்ட் வந்தார், மருந்துக்கில்லை.
'அந்தப் பொண்ணு?'
'இல்லை.'
கொஞ்சநேரம் நின்றார்.
பிறகு என் மேஜைக்கு முன்னாலேயே
பூட்ஸைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி,
காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தார்.
குழந்தைத் தோல் மாதிரி இளஞ்சிவப்பு.
யாராவது பார்க்க வேண்டும் அவருக்கு. பார்த்தேன்.

கமிட்டி கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது,
மூன்றாவது வரைவு. தொகை கூடியிருக்கிறது.
நான் கைக்குக் கிடைத்த தாளில் எழுதினேன்:
'ஓரெஸ்ட். வலது பெருவிரல். ஆறிவிட்டது.
நகம் இப்போது மேவிஸ் வெட்டுகிறாள்.'
மடித்து, உறையிலிட்டு, நாக்கால் ஈரம் தொட்டு ஒட்டி,
தபால்பெட்டிவரை பனியில் நடந்த பிறகுதான்
அது எந்தத் தாள் என்று உறைத்தது,
மறுபக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்றும்.

பிரிக்கவில்லை.
அப்படியே போட்டுவிட்டேன்.